மொகுதூமின் மவுத்து அல்வா

தென்முகப்பட்டினத்துத் துருக்கித் தெருவில், மொகுதூம் மீரான் இறந்துபோனார் என்று அவருடைய மவுத்து அல்வாவைத் தின்று பதினேழு நாள் கழிந்த ஒரு புதன்கிழமை, நடுப்பகல் லுஹர் பாங்குக்குச் சற்று முன்னால், அதே மொகுதூம் மீரான் தோளில் ஒரு துணிப்பையைப் போட்டுக்கொண்டு தெருமுனையில் நுழைந்து, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒருவரும் பதில் சலாம் சொல்லவில்லை. தேநீர்க்கடையில் இருந்த ஏழு பேரும் சொல்லவில்லை, பள்ளிவாசல் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்த மூன்று பேரும் சொல்லவில்லை, கூடப்பிறந்த அண்ணனும் ஜமாஅத் தலைவருமான சுலைமான் மரைக்கார், சலாமுக்குப் பதில் சொல்லாதவன் பாவி என்று வாராவாரம் ஊருக்குப் புத்தி சொல்கிறவர், அவரும் தம்பியின் முகத்துக்கு நேராக நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். எல்லாரும் தன்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று மொகுதூம் நினைத்துக்கொண்டார். அவர்களிடம் அவர்மேல் துளிக் கோபமும் மிச்சமில்லை, அதுதான் சங்கடமே என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அந்த அல்வாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை ஓர் அடி நகராது. எந்தக் காலத்திலோ ஒரு துருக்கிக் கப்பல் மணல்திட்டில் ஏறி உடைந்தது, அதிலிருந்து கரையேறிய பதினோரு பேர் இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிப்போனார்கள் என்பது தெருவின் பேச்சு. பக்கத்துத் தெருக்காரர்களைக் கேட்டால் கப்பலுமில்லை, கத்திரிக்காயுமில்லை என்பார்கள். நாற்பத்தொரு வீட்டில் ஒருவருக்கும் துருக்கி பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. மிஞ்சியது அல்வா மட்டும்தான், அதுவும் நாம் பேருந்து நிலையத்தில் பொட்டலம் கட்டி வாங்குகிற, விரலில் நிற்காமல் வழுக்குகிற அல்வா இல்லை. வெறும் கோதுமை மாவை நெய்யில் கொட்டி, சின்னத் தீயில், கை ஓயாமல் கிண்டிக் கிண்டி, வெள்ளை போய் மஞ்சளாகி, மஞ்சளும் போய் ஈரமணல் நிறம் வந்து, வாசனை நாலு வீடு தாண்டியதும், கொதிக்கிற சர்க்கரைப் பாகை ஊற்றி மூடிவைத்து, பிறகு உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடிக்கிற அல்வா. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் அதைச் செய்ய மாட்டார்கள். மவுத்து நடந்த வீட்டில் மட்டும்தான் அந்த மாவு வறுபடும்.

வறுபடும்போது தெருவே அந்த அடுப்பைச் சுற்றிக் கூட வேண்டும். ஒவ்வொருவராக அகப்பையை வாங்கி ஒரு சுற்றுக் கிண்ட வேண்டும், கிண்டும்போது "இவர் மேல் எனக்கிருந்த ஹக்கையெல்லாம் விட்டேன், பொருந்திக்கொண்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஹக்கு என்றால் ஒருவர்மேல் இன்னொருவருக்கு உள்ள உரிமை: ஏசியதற்கு, ஏமாற்றியதற்கு, வருகிறேன் என்று சொல்லி வராமல் போனதற்கு, போகட்டும் என்று விடாமல் மனசில் வைத்திருக்கிற எல்லாவற்றுக்கும். அதை விட்டுவிட்டேன், மன்னித்துப் பொருந்திக்கொண்டேன் என்று சொல்லித்தான் அல்வாவை வாயில் போடுவார்கள், போட்ட பிறகு அந்த மனிதரைப் பற்றி ஒரு குறை பேசக் கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. கடலில் போனவருக்கு ஒரு வருஷம் முடியாமல் மாவு வறுக்கக் கூடாது.

மொகுதூம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். கப்பல் கவிழ்ந்து பதினெட்டுப் பேரும் போனார்கள் என்று செய்தி வந்தபோது அவருடைய ஒரே மகள் ஜொகராவின் கல்யாணத்துக்கு அறுபது நாளுக்குக் குறைவாகவே இருந்தது. வருஷம் பொறுத்தால் மாப்பிள்ளை வீடு பொறுக்காது, மவுத்து விழுந்த வீட்டில் அல்வா பிடிக்காமல் பந்தல் போட்டால் ஊர் பொறுக்காது. சுலைமான் மரைக்கார் இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, முப்பதாம் நாள் உடலில்லாமலே ஜனாஸா என்கிற இறுதித் தொழுகையைத் தொழவைத்து, தானே முன்னின்று அடுப்பை மூட்டினார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அவசரக்காரனுக்குப் புத்தி மத்திமம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். தெருவே கிண்டியது, தெருவே பொருந்திக்கொண்டது, தெருவே தின்றது. இரண்டு பேரைத் தவிர. எதிர்வீட்டு அசனார் வந்த தட்டைத் திருப்பி அனுப்பினார். மனைவி மைமூன் அகப்பையைப் பிடித்து ஒரு சுற்றுக் கிண்டினாள், வாயைத் திறக்கவில்லை, வயிற்றுவலி என்று தன் பங்கையும் தொடவில்லை. விதவைக்கான வெள்ளை உடுக்கவும் மறுத்துவிட்டாள்.

அந்த மைமூன் கிணற்றடியில் மீன் அலசிக்கொண்டிருக்கும்போதுதான் மொகுதூம் உள்ளே வந்தார். நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்," என்றாள். "புள்ளைக்குக் கலியாணத்த வச்சிக்கிட்டு. அடுப்படி ஓடு ஒழுவுது ஒழுவுதுன்னு மூணு வருசமாச் சொல்றேன், கப்பலாம் கப்பல்."

சொல்லிவிட்டு மீன் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மரப்பலகையைப் பிடித்து மிதந்ததையும், வேற்று நாட்டு மீன்படகு ஒன்று தூக்கிப் போட்டுக்கொண்டதையும், காய்ச்சலில் கிடந்ததையும், கை மாறி ஊர் மாறி வந்து சேர்ந்ததையும் அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு ஜொகரா வெளியே வந்தாள். உம்மா யாரோடு பேசுகிறாள் என்று பார்த்தாள். உன் வாப்பாவோடு என்று மைமூன் கை காட்டினாள். காட்டிய இடத்தில் ஜொகராவுக்குக் கிணறு தெரிந்தது, துணிக்கொடி தெரிந்தது, வாப்பா தெரியவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குள் சேதி தெருவெல்லாம் பரவியது, பரவிய வேகத்திலேயே நம்பவும்பட்டது. செத்தவர் திரும்பி வந்தது யாருக்கும் பெரிதாகப் படவில்லை, கடல் கொண்டு போனதைக் கடல் கொண்டுவந்து போடுவது உள்ளதுதானே என்றார்கள். கண்ணுக்குத் தெரியாததும் பெரிதாகப் படவில்லை. ஹக்கை விட்டுவிட்டோம், பிறகு எப்படித் தெரிவார் என்று தேநீர்க்கடையில் ஒருவர் கேட்டார், மற்றவர்களுக்கும் அது நியாயமாகவே இருந்தது. எதிர்வீட்டு அசனார் மட்டும் தம் கண்ணுக்கு அவர் நன்றாகவே தெரிகிறார், போன தடவையைவிட மெலிந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு தெரு தன்னை மாற்றிக்கொண்டது. பள்ளிவாசல் முதல் வரிசையில் வலது ஓரத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டுத் தொழுதார்கள். தேநீர்க்கடையில் ஒரு கிளாஸ் தேநீர் தனியாக ஊற்றிவைக்கப்பட்டு, சிறிது சிறிதாகக் குறைந்தது. சைக்கிளில் வருகிறவர்கள் அவர் வீட்டருகே மணி அடித்துக்கொண்டே போனார்கள். பெண்கள் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அண்ணன் முறையில், மொகுதூம் காக்கா இங்கன ஈக்கிறியளா என்று முதலில் கேட்டார்கள். பதில் வராது, வந்தாலும் கேட்காது, ஆகவே இருப்பதாகவே வைத்துக்கொண்டு பேசினார்கள். இரண்டே நாளில் தெருவில் புறம்பேசுவது நின்றுபோனது. முதலில் நிம்மதியாக இருந்தது, நாலாம் நாளிலிருந்து எல்லாருக்கும் மூச்சுமுட்டியது. சொந்த வீட்டுக்குள்ளேயே மனிதர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் கண் சாடையில் நடந்தது. பாவம் மனுசன் என்று சொன்ன வாய்களே இதற்கு ஒரு முடிவு வரக் கூடாதா என்று முனகத் தொடங்கின.

முடிவை சுலைமான் மரைக்கார் சொன்னார். கல்யாணத்துக்கு அப்போது ஏழு நாள் இருந்தது. பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு அவளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவர் வாப்பா. வாப்பா இல்லையென்றால் வாப்பாவின் அண்ணன். தம்பி உயிரோடிருக்கிறான் என்பதைத் தாம் மறுக்கவில்லை, ஆனால் மகள் கண்ணுக்குத் தெரியாத, காதுக்குக் கேட்காத வாப்பாவிடம் அவள் எப்படிச் சம்மதம் சொல்வாள்? நிக்காஹ் அன்று மூன்று தடவை மொகுதூம் கேட்கட்டும். அவளுக்குக் கேட்டால் ஆச்சு, கேட்காவிட்டால் தாமே கேட்டு, தாமே கொடுப்பார். கொடுத்துவிட்டால் மொகுதூம் மவுத்தானது மவுத்தானதுதான், முதல் வரிசையில் விட்ட இடத்தையும் மறுநாளே நிரப்பிவிட வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் இரண்டு தடவை தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் மூட்டிய அடுப்பல்லவா.

இதில் மொகுதூமைக் கண்ணால் பார்த்து அவர் கையைப் பிடிக்க வேண்டிய மாப்பிள்ளையைப் பற்றிக் கவலையே இல்லை. ஏனென்றால் வழியில் நடந்த ஒன்றை மொகுதூம் மனைவியிடம் சொல்லியிருந்தார். பேருந்தில், இவர்மேல் எந்த ஹக்கும் இல்லாததால் இவரைக் காணாத ஓர் ஆள் இவர் மடியிலேயே உட்கார வந்தாராம், எழுந்து விலகும்போது அவர் காலை இவர் நன்றாக மிதித்துவிட்டாராம், மிதித்த நொடியில் அந்த ஆள் இவர் முகத்தைப் பார்த்து, கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று கத்தினாராம். மன்னிச்சுக்குங்க என்றதும், சரி விடுங்க என்றாராம், என்றதும் மறுபடி இவரைத் தாண்டி ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிட்டாராம். ஆகவே சேதி மாப்பிள்ளைக்குப் போனது. மேடையில் காலை மிதிப்போம், வலிக்கும், நிக்காஹ் முடிகிறவரை பொருந்திக்கொள்ள வேண்டாம் என்று. அந்தப் பையன் தங்கமான பையன், தாராளமாக மிதிக்கச் சொல்லுங்கள் என்று ஆள் அனுப்பினான்.

தெருக்காரர்களிடம் இது பலிக்கவில்லை. மொகுதூம் முயலாமல் இல்லை. ஒரு வீட்டு ஆட்டை அவிழ்த்துவிட்டார், ஒருவர் தேநீரில் உப்பைப் போட்டார், அண்ணனின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டார். ஒவ்வொரு தடவையும் அவர்கள் கோபமாகத் திரும்பினார்கள், அவரைக் கண்டார்கள், அட நம்ம மொகுதூம் என்று முகம் மலர்ந்தார்கள், மலர்ந்ததும் அவர் மறைந்தார். சுலைமான் மரைக்கார் தம்பியின் தோளைத் தொடுகிற நேரம்கூடப் பார்க்க முடியவில்லை, சிரிப்பு முந்திக்கொண்டது. கிணற்றடியில் வெறுங்கையோடு நின்று வெகுநேரம் அழுதார்.

அதைவிட மோசமானது மைமூனுக்கு நேர்ந்தது. வந்த ஐந்தாம் நாள் மொகுதூம் அடுப்படிக் கூரையேறி உடைந்த ஓடுகளை மாற்றினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற மைமூன், இருபத்தாறு வருஷத்தில் இந்த மனுசன் சொன்ன வேலையைத் தானாக எழுந்து செய்வது இதுதான் முதல் தடவை என்று நினைத்து, நினைத்ததும் மனசு நிறைந்து, அண்ணாந்து பார்த்தபோது ஏணியில் அவருடைய முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பதறிப்போய் எதையாவது நினைத்துக்கொள்ளப் பார்த்தாள். பிள்ளை பிறந்த சேதிக்குப் பதிலாக அவர் அனுப்பிய கடிதத்தில் மீன் விலையை விசாரித்திருந்தது நினைவுக்கு வந்தது. கால்கள் திரும்பி வந்தன. அன்றிலிருந்து அவள் காலையில் எழுந்ததும் அவரோடு சண்டை பிடித்தாள். அவரும் ஈரத்துண்டைப் படுக்கையில் போட்டு, சாப்பாட்டில் குறை சொல்லி, தம்மால் ஆனதைச் செய்தார். ஆனால் பக்கத்தில் இருக்கிற புருஷன்மேல் எத்தனை நாள் கோபத்தைக் காப்பாற்ற முடியும்? நாளுக்கு நாள் அவர் வெளிறிக்கொண்டே போனார், அவள் இரவில் கண்ணை மூடப் பயந்தாள்.

மிச்சம் நான்கு நாள் இருக்கும்போது மொகுதூம் எதிர்வீட்டுக்குப் போனார். அசனார் வாசலை ஒட்டிய அறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் குடையும் பழுது பார்க்கிறவர். இருபது வருஷத்துக்கு முன்னால், பள்ளிவாசல் படியில், தமது புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டதாகச் சொல்லி மொகுதூம் அவரை ஊர் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார். அறை வாங்கியவர் அதன் பிறகு அந்தப் பள்ளிவாசலில் தொழவே இல்லை, இரண்டு மைல் நடந்து அடுத்த ஊரில் தொழுதார்.

மொகுதூம் நின்றபடியே சொன்னார். "அசனார், அந்தச் செருப்பு என் கட்டிலுக்கடியிலதான் கெடந்துச்சு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"மறுவாரம் அதத்தான போட்டுக்கிட்டு வந்திய."

மொகுதூம் தரையில் உட்கார்ந்துவிட்டார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று இருந்துவிட்டதாகவும், ஒவ்வொரு தடவை கப்பலேறும்போதும் திரும்பி வந்ததும் முதல் வேலை இதுதான் என்று நினைத்துக்கொண்டதாகவும், தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்த இரண்டு நாளில் பிள்ளை முகத்துக்கு அடுத்தபடி நினைவுக்கு வந்தது அந்தக் கன்னம்தான் என்றும் சொன்னார். அசனார் ஸ்டவ்வின் ஊசியால் துவாரத்தைக் குத்திக்கொண்டே அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மொகுதூம் கெஞ்சினார்.

"பொருந்திக்கிடு, அசனார்."

"மாட்டேன்."

"கால்ல விழவா?"

"விழுந்தாலும் மாட்டேன். இத்தன வருசத்துல என்னைக்கு வந்து கேட்டிருந்தாலும் அன்னைக்கே விட்டிருப்பேன். இப்ப முடியாது." அவர் ஊசியைக் கீழே வைத்தார். "மைமூன் லாத்தா மொவத்தப் பாத்தேன். அவியளுக்குச் சந்தோசம் கூடிக்கிட்டே வருது. நாளைக்கோ மறுநாளோ ஒங்கள விட்டுருவாவ. நானும் விட்டுட்டா, இந்தத் தெருவுல நீங்க ஈக்கிறியன்னு சொல்ல யாரு ஈக்கா? போங்க. ஒங்க மேல எனக்கு அவ்வளவு கோவம்."

போங்க என்றவர் போக விடவில்லை. இரண்டு தேநீர் சொல்லிவிட்டு, கோபம் ஆறாமல் இருக்கும்படி அந்தக் கன்னத்து அறையின் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மொகுதூம் சொன்னார். அதன் பிறகு தினமும் அஸருக்குப் பின் இருவரும் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள், அசனார் தினமும் முகத்தைத் தூக்கியே வைத்திருந்தார்.

மிச்சமிருந்தது ஜொகரா. தெரு முழுக்க அவள்மேல்தான் கண்ணாக இருந்தது. இருபத்திரண்டு வயதில் ஒருவரையும் ஒரு சொல் ஏசியறியாத பெண் அவள். கப்பல்காரர் பிள்ளைகள் போனில் அழும், அடம்பிடிக்கும், அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்கும். இவள் கேட்டதில்லை. இந்தப் பெருநாளைக்கு வர முடியாது என்று மொகுதூம் சொன்னால் சரி வாப்பா என்பாள். அடுத்த மாதம் என்றால் சரி வாப்பா. எந்தப் பெண்ணுக்கும் வாப்பாமேல் மலையளவு ஹக்கு இருக்கும், இவள் அன்றன்றைக்கு அன்றன்றைக்கே விட்டுவிட்டவள். அல்வா அன்று முதலில் வாய் திறந்து பொருந்திக்கொண்டேன் என்று சொன்னதும் அவள்தான். தங்கமான பிள்ளை என்று தெரு பெருமைப்பட்டது, இப்போது அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தது.

பெண்கள் முறைவைத்து வந்து அவளுக்குக் கோபம் மூட்டினார்கள். உன் வாப்பா உன் காதுகுத்துக்கு வந்தாரா, நீ வயசுக்கு வந்தபோது வந்தாரா, உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தாரா என்று அடுக்கினார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாவம், அவியளுக்கும் வரணும்னுதான் இருந்திருக்கும் என்றாள். மைமூன் அவளைக் கிள்ளிக்கூடப் பார்த்தாள். ஜொகராவே கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு கோபப்படப் பழகினாள், வந்தது அழுகைதான். மொகுதூமும் ஒருநாள் அவளுடைய நிக்காஹ் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, கிழித்துவிடுகிறேன் என்று நின்றார். கை வரவில்லை. மடித்து, முன்பைவிட ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. பந்தலில் மாப்பிள்ளை வலது காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு மிதிபடக் காத்திருந்தான். மணப்பெண்ணை இருத்தியிருந்த உள்ளறைக்குள் சுலைமான் மரைக்கார் வந்தார், சாட்சிக்கு அசனார் வந்தார், இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் அந்த வீட்டு நிலையைத் தாண்டியது அன்றுதான். மைமூன் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணுக்கு மொகுதூம் அப்போது சோற்றுப்பானைக்கு மேலே நிற்கிற ஆவி அளவுக்குத்தான் தெரிந்தார், அதுவும் இமைத்தால் கலைந்துவிடுகிற மாதிரி. வாசல் வரைக்கும் பெண்கள் அடைத்துக்கொண்டு நின்றார்கள், ஒரு வளையல் சத்தம் இல்லை.

அசனார் சொன்னார். "மொகுதூம் காக்கா புள்ளைக்கு முன்னால உக்காந்துட்டாவ. கேக்குறாவ."

எல்லாரும் ஜொகராவைப் பார்த்தார்கள். அவள் காதைத் தீட்டிக்கொண்டு தனக்கு முன்னால் இருந்த வெற்றுப் பாயைப் பார்த்தாள். தலையை இல்லை என்று அசைத்தாள்.

"ரெண்டாந்தடவ கேக்குறாவ," என்றார் அசனார். "சத்தமாக் கேக்குறாவ."

ஜொகரா மறுபடி தலையை அசைத்தாள். சுலைமான் மரைக்கார் தொப்பியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பந்தலிலிருந்து, நேரமாகிறது என்று ஆள் வந்து போனது. மூன்றாவது தடவைக்காக எல்லாரும் அசனாரின் வாயைப் பார்த்தார்கள், அசனார் ஒன்றும் சொல்லவில்லை.

"கேட்டாவளா?" என்றாள் ஜொகரா.

"கேக்கல." அசனார் வாசல் பக்கம் திரும்பினார். "சுலைமான் காக்காவே கேட்டுக் குடுக்கட்டும்ங்கிறாவ. புள்ளையப் போட்டுப் பாடாப் படுத்தாதிய, நேரம் போவுதுங்கிறாவ. எந்திரிச்சிட்டாவ."

"எங்க போறாவ?"

"வாசலுக்கு."

ஜொகரா முகத்தை மூடியிருந்த சரிகைத் துணியைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

"போறாவளா?" என்றாள். அந்தக் குரலை அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. "இன்னைக்குமா? ஒரு தடவையாச்சும், மூணாந்தடவையாச்சும், நின்னு கேக்க முடியாதா? எனக்கு மஞ்சக்காமாலை வந்து இருவது நாளு கெடந்தேன், யாரு வந்தா? பெருநாளுக்குச் சட்டையப் போட்டுக்கிட்டு செவுத்துல மாட்டுன போட்டாவுக்கு முன்னால போயி நின்னு காட்டுவேன். அது சிரிச்சிக்கிட்டே ஈக்கும், ஒண்ணும் சொல்லாது. சரி வாப்பா சரி வாப்பான்னு சொன்னேன்னா, சொல்லாட்டி போன வச்சிருவாவளோன்னு பயம் எனக்கு. நாலு நிமிசந்தான் பேசுவாவ, அதுல எங்கன போயி நா அழுவுறது? எனக்கு எதுவும் சரியில்ல. ஒண்ணுகூடச் சரியில்ல. நா பொருந்திக்கவே இல்ல. அன்னைக்கு எல்லாரும் அகப்பையக் குடுத்துச் சொல்லுன்னிய, சொன்னேன். பொய் சொன்னேன்."

மூச்சு வாங்கியது அவளுக்கு. வாசல் பக்கம் திரும்பினாள், பெண்கள் பயந்து இரண்டு பக்கமும் விலகினார்கள், விலகிய இடத்தில் ஒரு முதுகு தெரிந்தது. கழுத்து வெயிலில் கறுத்துப்போன, வலது தோள் கொஞ்சம் இறங்கிய முதுகு. சின்ன வயதிலிருந்து அவள் மிக அதிகமாகப் பார்த்தது அந்த முதுகைத்தான்.

"நில்லுங்க," என்றாள்.

மொகுதூம் நின்றார், திரும்பினார். அவள் கண் தம் கண்ணில் வந்து நிலைத்ததைப் பார்த்தார். சந்தோஷம் வந்து அவள் தன்னை விட்டுவிடுவாளோ என்று மைமூன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள், அசனார் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜொகராவின் முகத்தில் சந்தோஷம் வரத்தான் செய்தது. கோபம் அதற்கு இடம் கொடுத்து ஒதுங்கவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தன.

அவர் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். மகளின் கையைப் பிடித்தார். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் வாப்பாவின் பெயரைச் சொல்லி, உன்னை அவனுக்கு நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று முறைப்படி கேட்டார். "சம்மதம் வாப்பா," என்றாள் ஜொகரா. அவள் பதிலை மட்டும் கேட்ட சுலைமான் மரைக்கார் சுவரில் சாய்ந்துகொண்டார், வாசலில் பெண்கள் குலவையிட்டார்கள்.

மொகுதூமுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தையும் சேர்த்து, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"என்னப் பொருந்திக்கிடும்மா."

"மாட்டேன்," என்றாள் ஜொகரா, அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.